மருதம்பட்டையும் நெஞ்சக நோயும்: நூற்சான்றும் மருத்துவச் சான்றும்

மருத மரத்தின் பட்டையை இதய நோய்க்கு மருந்தாகக் கொள்ளும் வழக்கம் இன்று தமிழ் மக்களிடையே பரவலாகக் காணப்படுகிறது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உள்ள நாட்டு மருந்துக் கடைகளில் அது பட்டையாகவும் பொடியாகவும் மாத்திரையுறையில் அடைக்கப்பட்டும் விற்கப்படுகிறது. இவ்வழக்கத்திற்கு அடிப்படையாகக் காட்டப்படும் நூற்சான்றுகள் உண்மையில் கூறுவன யாவை, இக்கால மருத்துவ ஆய்வுகள் அதனை எந்த அளவிற்கு ஏற்கின்றன என்பவற்றை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இப்பொருளை எடுத்துக்கொண்டமைக்குக் காரணம் ஒன்று உண்டு. சில ஆண்டுகளுக்கு முன்னர் தமிழாசிரியர்களுக்கான பயிலரங்கு ஒன்றில் ஐந்திணை பற்றி உரையாற்றிய நாம், மருதத் திணையை விளக்குமிடத்து, “சங்க காலத் தமிழர் மருதம்பட்டையை நெஞ்சக நோய்க்கு மருந்தாகக் கண்டிருந்தனர்” என்று ஒரு தொடரைச் சேர்த்துக் கூறினோம். எங்கோ படித்த செய்தி. மூலத்தைத் தேடிப் பார்த்ததில்லை. அவையோர் கைதட்டினர். அவ்வுரையைக் கேட்டிருந்த ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், குருதி அழுத்தத்திற்கும் கொழுப்பிற்கும் தாம் உட்கொண்டு வந்த மாத்திரைகளை நிறுத்திவிட்டு, மருதம்பட்டைக் குடிநீரை மட்டும் பருகத் தொடங்கினார் என்பது பின்னரே தெரிய வந்தது. நான்கு மாதம் கழித்து நெஞ்சுவலியோடு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். உயிர் பிழைத்தார். காணச் சென்றபோது அவர் நம்மைக் குறை கூறவில்லை. “நீங்கள் படித்தவர், ஐயா, பார்த்துத்தானே சொல்லியிருப்பீர்கள்” என்றார். நாம் பார்க்கவில்லை என்பதை அப்பொழுது அவரிடம் சொல்ல நமக்கு வாய் வரவில்லை. அன்று செய்யத் தவறிய தேடலை இங்குச் செய்ய முற்படுகிறோம்.

மருது என்னும் பெயர்

மருந்தினை ஆராயுமுன் மரத்தினை உறுதி செய்தல் வேண்டும். தமிழில் மருது என்பது ஒரு மரத்திற்கு மட்டும் உரிய பெயரன்று. இதய நோய்க்குரியதாகக் கூறப்படுவது நீர்மருது அல்லது வெண்மருது. தாவரவியலார் இதனைத் டெர்மினாலியா அர்ஜுனா என்பர். கருமருது என்பது டெர்மினாலியா டொமென்டோசா என்று நெடுங்காலம் வழங்கிய வேறோர் இனம். பூமருது என்னும் பெயரோ டெர்மினாலியா பானிகுலாட்டா என்னும் மரத்திற்கும் வழங்குகிறது. அக்குடும்பத்தோடு தொடர்பே இல்லாத லாகர்ஸ்ட்ரோமியா ஸ்பெசியோசா என்னும் மரத்திற்கும் வழங்குகிறது. இறுதியாகச் சொல்லப்பட்டதனை நம் வாசகர்கள் நாள்தோறும் காண்கின்றனர். இந்நாட்டுச் சாலையோரங்களில் ஊதாவும் இளஞ்சிவப்பும் கலந்த பூங்கொத்துகளோடு நிற்கும், மலாயர் புங்கூர் என்றழைக்கும் மரமே அது.

நீர்மருதின் தாவரவியற் பெயர் உருவான வரலாறு சுவையானது. ராக்ஸ்பரோ இம்மரத்திற்கு முதலில் பென்டாப்டெரா அர்ஜுனா எனப் பெயரிட்டார். பென்டாப்டெரா எனின் ஐந்து சிறகுடையது என்பது பொருள். நீர்மருதின் காய் ஐந்து நெடுஞ்சிறகுகள் புடைத்து நிற்கும் தோற்றமுடையது. ஒரு முறை கையில் எடுத்துப் பார்த்தவர் மறவார். பின்னர்ச் சென்னை மாநிலத்தில் கிழக்கிந்தியக் கும்பினியின் மருத்துவராகப் பணியாற்றிய ராபர்ட் வைட், ஆர்னட் என்பவரோடு சேர்ந்து 1834இல் வெளியிட்ட தென்னிந்தியத் தாவர நூலில் இம்மரத்தினை டெர்மினாலியா இனத்தின்கீழ்க் கொண்டுவந்தார். முனைவர் பட்ட ஆய்வுக்காக இலண்டனில் தங்கியிருந்த காலத்தில் அந்நூலினைப் புரட்டிப் பார்க்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. அன்று நாம் தேடியது வேறு. மருதின் பக்கத்தைக் கடந்து சென்றுவிட்டோம்.

அர்ஜுனம் என்னும் வடசொல் வெண்மையைக் குறிப்பது. மரத்தின் பட்டை வழுவழுப்பாகவும் வெளிறியும் பெருந்தகடுகளாக உரிந்தும் காணப்படுதலின் அப்பெயர் பெற்றது என்பர். வெண்மருது என்னும் தமிழ்ப் பெயரும் அவ்வாறே அமைந்தது. கருமருதின் பட்டையோ கறுத்து, முதலையின் தோல் போல் கட்டங்கட்டமாக வெடித்திருக்கும். மரமாக நிற்குங்கால் இரண்டையும் குழந்தையும் வேறுபடுத்தும். பொடியாகிவிட்டால் நுண்ணோக்கியின் துணையின்றி அறிஞரும் வேறுபடுத்த இயலாது. மருதம்பட்டை வாணிகத்தில் கலப்படம் நிகழ்வது பெரிதும் இவ்விடத்திலேதான்.

சங்க இலக்கியத்து மருதம் இவற்றுள் எது என்பதே ஆய்வுக்குரியது. குறுந்தொகையின் 50ஆம் பாடலில் ஆற்றுத்துறையில் உதிர்ந்து கிடக்கும் மருதின் பூ சிவப்பு நிறமுடையதாகக் கூறப்படுகிறது. நீர்மருதின் பூவோ மிகச் சிறியது. வெளிர்மஞ்சள் கலந்த வெண்ணிறமுடையது. இம்முரண்பாட்டைக் கண்ட ஆய்வாளர் சிலர், சங்க மருதம் லாகர்ஸ்ட்ரோமியா வகையைச் சேர்ந்த பூமருதாக இருத்தல் கூடும் எனக் கருதினர். நீர்த்துறை, ஓங்கிய வளர்ச்சி, நிழல் ஆகியன நீர்மருதிற்கும் பொருந்துதலின் அதுவே எனக் கொள்வாரும் உளர். இரு மரமும் மருது என்னும் ஒரே பெயரால் வழங்கியிருத்தலும் கூடும் என்பதே நமக்கு ஏற்புடையதாகத் தோன்றுகிறது. எவ்வாறாயினும், எந்த மரம் என்பதே உறுதிப்படாத நிலையில் அதன் பட்டை எந்த நோயைத் தீர்த்தது எனக் கூறுதல் எங்ஙனம்?

நூல்கள் கூறுவன

சங்கப் பாடல்களில் மருதம் துறைமரமாகவும் நிழல்மரமாகவும் பூமரமாகவும் வருகிறது. வையையின் திருமருத முன்றுறையைப் பரிபாடல் சிறப்பிக்கிறது. பின்னர் அது கோயில் மரமாயிற்று. திருவிடைமருதூரிலும் நெல்லைச் சீமையின் திருப்புடைமருதூரிலும் மருதமே தலமரம்; திருப்பருப்பதமாகிய மல்லிகார்ச்சுனத்தோடு இவற்றை இணைத்துத் தலை, இடை, கடை என மூன்று மருதூர்களாகக் கூறும் மரபும் உண்டு. கண்ணன் இரட்டை மருத மரங்களுக்கிடையே தவழ்ந்து சென்று அவற்றைச் சாய்த்த கதையை ஆழ்வார்கள் பாடினர். இங்ஙனம் மருதம் தமிழ் நெஞ்சத்தில் ஆழ வேரூன்றிய மரம் என்பதில் ஐயமில்லை. அவ்வேரினைப் பற்றிக்கொண்டுதான் நம் போன்றோர் அதன் மருத்துவப் பயனையும் சங்க காலத்திற்கு ஏற்றிவிடுகிறோம்.

இத்தொடர்பில் மாணவர் ஒருவர் எழுதிய கட்டுரை நினைவிற்கு வருகிறது. அகப்பாடல்களில் தலைவி தன் நெஞ்சின் நோயைத் தோழியிடம் கூறும் இடங்களைத் தொகுத்து, சங்க காலத்தில் இதய நோய் இருந்தமைக்குச் சான்று என அவர் காட்டியிருந்தார். அது காமநோய் என விளக்கியபோது வகுப்பு நகைத்தது. ஆயினும் பயிலரங்கில் நாம் கூறிய தொடர் அம்மாணவரின் முடிவினும் மேம்பட்டதன்று.

மருதம்பட்டையை இதயத்தோடு தொடர்புபடுத்தும் தெளிவான நூற்சான்றுகள் வடமொழி ஆயுர்வேத மரபிலேயே கிடைக்கின்றன. அங்கும் அது தொடக்கத்திலிருந்தே இருந்ததன்று. சரக சங்கிதையின் மருந்துத் தொகுதிகளில் அர்ஜுனம் உதர்தம் எனப்படும் தோல் தடிப்பைத் தணிக்கும் பத்துப் பொருள்களுள் ஒன்றாக வைக்கப்பட்டுள்ளது. சுசுருத சங்கிதையில் அது சாலசாராதி முதலிய தொகுதிகளில் இடம் பெறுகிறது. அஷ்டாங்க இருதயம் இயற்றிய வாக்படரே இதய நோய்க்கு இதனைப் பயன்படுத்தியவருள் முதல்வர் எனப் பொதுவாகக் கூறுவர். அவர் காலம் ஏறத்தாழ 7ஆம் நூற்றாண்டு. வங்கத்தில் 11ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சக்கரபாணி தத்தரின் சக்கரதத்தத்தில் இருத்ரோகம் என்னும் பகுதியில் பட்டையைப் பாலில் காய்ச்சிக் கொடுக்கும் முறை தெளிவாக இடம் பெறுகிறது. இன்று வீடுகளில் பால்கஷாயம் எனச் செய்யப்படுவது இம்முறையின் வழிவந்ததே. ஒரு பங்கு பட்டைக்கு எட்டுப் பங்கு பாலும் முப்பத்திரண்டு பங்கு நீரும் சேர்த்து, நீர் வற்றிப் பால் மட்டும் எஞ்சும்வரை காய்ச்சுதல் நூல் கூறும் அளவு. தேநீர் போல் ஒரு கொதி விட்டு இறக்குதல் அன்று.

இனி, இருத்ரோகம் என்பது இக்காலத்தார் கூறும் மாரடைப்பா என்பது கேட்கத்தக்க வினா. ஆயுர்வேத நூல்கள் இருத்ரோகத்தை வளி, அழல், ஐயம், இம்மூன்றன் கூட்டு, கிருமி ஆகியவற்றால் தோன்றுவன என ஐவகையாகப் பகுக்கின்றன. அவற்றின் குறிகளாகக் கூறப்படுவனவற்றுள் நெஞ்சில் குத்தல், கனம், எரிவு, சுவையின்மை, வாயூறல் ஆகியன உள்ளன. இவற்றுள் சில இதயக் குருதிக்குழாய் அடைப்பிற்குப் பொருந்தலாம். சில இரைப்பைக் கோளாறாகவும் இருக்கலாம். நெஞ்செரிச்சலை நெஞ்சின் நோயாக உணர்வது இன்றும் இயல்பே. இதயக் குருதிக்குழாயில் கொழுப்புப் படிந்து, அதன்மேல் குருதி உறைந்து, தசை பட்டுப்போகும் நிகழ்ச்சியை மாரடைப்பு எனக் காண்பது 20ஆம் நூற்றாண்டு மருத்துவத்தின் பார்வை. ஆகவே பழைய நூலின் இருத்ரோகம் என்னும் சொல்லுக்கு நேராக மாரடைப்பு என எழுதும் மொழிபெயர்ப்பாளர், தாம் அறியாமலே ஒரு மருந்துச் சீட்டை எழுதிவிடுகிறார்.

சித்த மருத்துவத்தின் பக்கம் திரும்பினால் வேறொரு காட்சி கிடைக்கிறது. இங்கு மருதம்பட்டை பெரிதும் அறியப்படுவது நீரிழிவு மருந்துகளின் உறுப்பாகவே. சித்த மருத்துவர் இன்றும் வழங்கும் ஆவாரைக் குடிநீரில் ஆவாரை, கொன்றை, நாவல், கடலழிஞ்சில், கோரைக்கிழங்கு, கோட்டம் ஆகியவற்றோடு ஏழாவதாக மருதம்பட்டை சேர்கிறது. இக்குடிநீரைக் கூறும் பாட்டு, அதனைப் பருகினால் காவிரியும் கடலும்கூட வற்றும் என்று பெருமிதத்தோடு முடிகிறது. மிகுதியாகக் கழியும் சிறுநீர் கட்டுப்படும் என்பதே அதன் கருத்து. அப்பாட்டில் கடல் என்னும் சொல்லும் முத்தம் என்னும் சொல்லும் அடுத்தடுத்து வருகின்றன. இலக்கியப் பயிற்சி மட்டும் உடையவர் அதனைக் கடலில் விளையும் முத்து எனவே கொள்வர். மருத்துவர் அதனைக் கடலழிஞ்சில் எனவும், முத்தக்காசு என்னும் கோரை எனவும் இரண்டாகப் பிரித்துப் பொருள் கொள்கின்றனர். நம் துறையினர் மருத்துவப் பாடல்களைத் தனித்து நின்று உரைகாண்பதிலுள்ள இடர்ப்பாட்டிற்கு இஃது ஒரு நல்ல எடுத்துக்காட்டு. மருத்துவரும் தமிழறிஞரும் ஒரே மேசையில் அமர்ந்து படிக்க வேண்டிய நூல்கள் இவை.

நீரிழிவு உடையவர்க்கு இதய நோய் வரும் வாய்ப்பு மிகுதி என்பது இக்கால மருத்துவம் கண்டது. ஆதலின் ஆவாரைக் குடிநீர் இதயத்தையும் காத்தது என்று வாதிடுவாரும் உளர். அது பின்னாளைய அறிவைப் பாட்டின்மேல் ஏற்றுவதே ஆகும். பாட்டு அவ்வாறு கூறவில்லை.

மருத்துவமனையில் மருதம்பட்டை

நூற்சான்று இத்தகையதாயின் பட்டை பயனற்றது என்று பொருளாகாது. நூலில் இல்லாத பயன் மரத்தில் இருத்தல் கூடும். நூலில் உள்ள பயன் மரத்தில் இல்லாமற் போதலும் கூடும். அதனை நோயாளிகளிடம் ஆய்ந்தே அறிதல் வேண்டும். அத்தகைய ஆய்வு நூறாண்டுக்கு முன்னரே தொடங்கிவிட்டது. கல்கத்தாவில் இந்திய மருந்துகளை முறையாக ஆராய்ந்த சோப்ரா, கோஷ் என்பவருடன் இணைந்து 1929இல் மருதம்பட்டையின் வேதியியலையும் செயலையும் பற்றி எழுதினார். இதயத்தைத் தூண்டுவதில் டிஜிட்டாலிஸ் என்னும் மேலைநாட்டு மூலிகை மருந்துக்கு ஈடான ஆற்றல் எதனையும் அவர்கள் அதில் காணவில்லை. பட்டையில் சுண்ணச்சத்து மிகுந்திருப்பதையே சுட்டினர். பிற்கால வேதியியல் ஆய்வுகள் அர்ஜுனோலிக் அமிலம், அர்ஜுனெட்டின் முதலிய டிரைடெர்பீன் சேர்மங்களையும், ஃபிளவனாய்டுகளையும், மிகுந்த அளவில் துவர்ப்புப் பொருளாகிய டானினையும் அதில் இனங்கண்டன.

1990ஆம் ஆண்டுகளில் ஆய்வு மீண்டும் சூடுபிடித்தது. 1994இல் துவிவேதியும் அகர்வாலும் வெளியிட்ட ஆய்வில், உழைக்கும்போது மட்டும் வரும் நிலையான நெஞ்சுவலி உடைய 15 பேருக்கும், நிலையற்ற நெஞ்சுவலி உடைய 5 பேருக்கும் பட்டை கொடுக்கப்பட்டது. முதல் குழுவினர்க்கு வலி வரும் தடவைகள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. இரண்டாம் குழுவினர்க்குக் குறிப்பிடத்தக்க பயன் இல்லை. இவ்விரண்டாவது முடிவை மருதம்பட்டையைப் புகழ்வோர் எவரும் எடுத்துக்காட்டக் கண்டதில்லை. ஓய்வாக அமர்ந்திருக்கும்போதே வரும் வலியே மாரடைப்பிற்கு முன்னோடியாவது. அந்நிலையில் பட்டை உதவவில்லை என்பதே எல்லாரும் அறிந்திருக்க வேண்டிய செய்தி.

பரணி என்னும் மருத்துவரும் அவர் குழுவினரும் 1995இல் வெளியிட்ட ஆய்வு அளவில் சிறியது, முறையில் செவ்வியது. வழக்கமான மருந்துகளுக்கு அடங்காத கடுமையான இதயச் செயலிழப்பு உடைய 12 பேருக்கு, பட்டையின் சாரம் எட்டு மணிக்கு ஒரு முறை 500 மில்லிகிராம் வீதம் இரண்டு வாரம் கொடுக்கப்பட்டது. வேறு இரண்டு வாரம் மருந்தற்ற போலி மாத்திரை கொடுக்கப்பட்டது. எது எப்பொழுது என்பது நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. பட்டைச் சாரம் உண்ட காலத்தில் மூச்சுத்திணறல் குறைந்தது; இதயம் குருதியை வெளியேற்றும் திறனும் உயர்ந்தது. நினைவிற்கொள்ள வேண்டியது யாதெனின், அவர்கள் முன்னரே உட்கொண்டு வந்த மருந்துகள் எவையும் நிறுத்தப்படவில்லை. பட்டை அவற்றோடு கூடுதலாகக் கொடுக்கப்பட்டது. அதே குழுவினர் 2002இல் நிலையான நெஞ்சுவலி உடைய 58 ஆடவரிடம் நிகழ்த்திய ஆய்வில், ஒவ்வொரு வாரம் கொடுக்கப்பட்ட பட்டைச் சாரம் போலி மாத்திரையினும் மேம்பட்டதாகவும், ஐசோசார்பைடு மோனோநைட்ரேட் என்னும் மருந்துக்கு ஏறத்தாழ ஒப்பானதாகவும் காணப்பட்டது. குப்தா முதலியோர் 2001இல் வெளியிட்ட ஆய்வில் 105 இதய நோயாளிகள் மூன்று குழுவாகப் பிரிக்கப்பட்டனர். நாளொன்றுக்கு 500 மில்லிகிராம் பட்டைப்பொடியை 30 நாள் உண்ட குழுவில் மொத்தக் கொலஸ்டிரால் ஏறத்தாழப் பத்து விழுக்காடு குறைந்தது.

இம்முடிவுகள் ஊக்கம் தருவன. ஆயினும் இவற்றின் கால அளவை நோக்குக: ஒரு வாரம், இரண்டு வாரம், ஒரு திங்கள். மாரடைப்பையும் இறப்பையும் ஒரு மருந்து தடுக்கிறதா என அறிய ஆயிரக்கணக்கானோரை ஆண்டுக்கணக்கில் தொடர்தல் வேண்டும். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்துகள் அவ்வாறே ஆராயப்பட்டன. மருதம்பட்டைக்கு அத்தகைய ஆய்வு நிகழவில்லை.

அளவில் சற்றுப் பெரிய ஆய்வு நிகழ்ந்தபோது முடிவு அடக்கமாகவே அமைந்தது. புதுதில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தைச் சேர்ந்த மௌலிக் முதலியோர் 2016இல் வெளியிட்ட ஆய்வில் இதயச் செயலிழப்பு உடைய 100 பேர் இடம்பெற்றனர். வழக்கமான மருந்துகளோடு, ஒரு பகுதியினர்க்குப் பட்டையின் நீர்ச்சாரமும் மறு பகுதியினர்க்குப் போலி மாத்திரையும் 12 வாரம் கொடுக்கப்பட்டன. இதயம் குருதியை வெளியேற்றும் திறனில் வேறுபாடு ஏதும் காணப்படவில்லை. நோயாளிகள் சிலரிடம் செயலாற்றும் வலிமையும் நோய்க்குறி பற்றிய உணர்வும் மேம்பட்டன. 1995இல் 12 பேரிடம் தோன்றிய பெரும்பயன் 100 பேரிடம் தோன்றாமைக்குக் காரணம் பலவாகலாம். 1995க்கும் 2016க்கும் இடையில் வழக்கமான மருந்துகளே பெரிதும் முன்னேறிவிட்டன என்பது ஒன்று. சாரம் எடுத்த முறை வேறு என்பது மற்றொன்று.

இவ்விரண்டாவது காரணம் வீட்டில் பட்டை காய்ச்சுவோர்க்கு மிகவும் தொடர்புடையது. பரணியின் ஆய்வில் பயன்பட்டது சாராயத்தில் எடுத்த சாரம். மௌலிக் பயன்படுத்தியது நீரில் எடுத்தது. குப்தா கொடுத்தது வெறும் பொடி. நாம் அருந்துவது பாலில் காய்ச்சியது. ஒரே மரத்தின் ஒரே பட்டையாயினும் கரைந்து வரும் பொருள்கள் வேறு வேறு. “ஆய்வில் மெய்ப்பிக்கப்பட்டது” என்னும் வாசகம் கடையில் விற்கும் பொட்டலத்தின்மேல் காணப்பட்டால், எந்த ஆய்வில், எந்தச் சாரம் என்று கேட்பது வாங்குவோரின் உரிமையாகும்.

தீங்குகள் பற்றியும் சிறிது கூறுதல் வேண்டும. மேற்கண்ட ஆய்வுகளில் கடுமையான தீங்கு நேரவில்லை. குமட்டல், வயிற்றெரிச்சல், தலைவலி, மலச்சிக்கல் முதலியனவே பொதுவாகக் குறிக்கப்படுகின்றன. மலச்சிக்கலுக்குப் பட்டையின் துவர்ப்பே காரணமாகலாம். ஆயினும் 2015இல் வெளிவந்த ஆய்வகச் சோதனை ஒன்று, பட்டைச் சாரம் மனிதக் கல்லீரலின் நொதிகள் சிலவற்றைத் தடுப்பதாகக் காட்டியது. அவற்றுள் ஒன்று, குருதி உறையாமைக்குக் கொடுக்கப்படும் வார்ஃபரின் மருந்தினைச் சிதைக்கும் நொதி. அது தடைப்பட்டால் மருந்து உடலில் தேங்கிக் குருதிக்கசிவு உண்டாகும் இடர் உண்டு. ஆய்வகக் குடுவையில் நிகழ்வது அனைத்தும் உடலில் நிகழும் என்பதில்லை. எனினும் வார்ஃபரின் உண்போர் பரிசோதனைக்கு விடலாகாத செய்தி இது. இரத்தச் சர்க்கரைக்கு மருந்து உண்போரும், ஆவாரைக் குடிநீர் போன்றவற்றை அதனோடு சேர்த்தால், சர்க்கரை அளவுக்கு மீறித் தாழக்கூடும் என்பதை அறிதல் நலம்.

மலேசியச் சூழல்

மலேசியாவில் மரபு மருந்துகளைப் பதிவு செய்யும் முறை 1992ஆம் ஆண்டு தொடங்கியது. பதிவு பெற்ற மரபு மருந்தின் உறையில் மால் எனத் தொடங்கி டி என்னும் எழுத்தில் முடியும் பதிவெண் இருக்கும். இவ்வெண் எதனைக் குறிக்கிறது என்பதில் மக்களிடையே தெளிவில்லை. ஈயம், பாதரசம், ஆர்சனிக், காட்மியம் ஆகியவை வரம்பிற்குள் உள்ளனவா, நுண்ணுயிர்க் கலப்பு உண்டா, தடை செய்யப்பட்ட மேலைமருந்து கலந்துள்ளதா என்பவற்றை அது பெரிதும் சார்ந்தது. நோயைத் தீர்க்கும் என்று அரசு சான்று கூறியதாக அதற்குப் பொருளில்லை. இச்சோதனையும் சிறிதன்று. 2004இல் வெளியான ஆய்வொன்றில், அமெரிக்காவின் பாஸ்டன் வட்டாரக் கடைகளில் வாங்கிச் சோதிக்கப்பட்ட 70 ஆயுர்வேதப் பொருள்களுள் 14இல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது நினைவுகூரத்தக்கது. சாக்கிலிருந்து அள்ளி நிறுத்துக் கொடுக்கப்படும் பட்டைக்கும், கடையிலேயே அரைத்துக் கொடுக்கப்படும் பொடிக்கும் பதிவெண் இராது.

1956ஆம் ஆண்டின் மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் இதய நோயைத் தீர்ப்பதாகப் பொதுமக்களுக்கு விளம்பரம் செய்வதைத் தடை செய்கிறது. 2016ஆம் ஆண்டின் மரபு, துணை மருத்துவச் சட்டம் இந்திய மரபு மருத்துவத்தை ஏற்றுக்கொள்ளப்பட்ட துறைகளுள் ஒன்றாக வைத்து, அதனைப் பயிலும் மருத்துவர்களை நெறிப்படுத்துகிறது. இச்சட்டங்கள் வணிகரையும் மருத்துவரையும் கட்டுப்படுத்தும். மேடையில் ஏறி இலக்கியம் பேசும் விரிவுரையாளரையும், பள்ளிக் கண்காட்சியில் மூலிகை அட்டை எழுதித் தொங்கவிடும் ஆசிரியரையும் இவை எட்டா. அண்மையில் ஓர் இடைநிலைப்பள்ளியின் தமிழ்மொழிக் கண்காட்சியில், புங்கூர் மரத்தின் பூவைப் படமாக ஒட்டி, அதன்கீழ் “மருதம்: மாரடைப்பைத் தீர்க்கும் தமிழர் மருந்து” என எழுதியிருக்கக் கண்டோம். மரமும் வேறு, நோயும் வேறு, மரபும் வேறு. மாணவர்கள் அழகாக எழுதியிருந்தனர். அத்தொடரின் மூலம் யாது என வினவியபோது பொறுப்பாசிரியர் நம் பயிலரங்கின் கையேட்டையே எடுத்துக் காட்டினார்.

அக்கையேட்டினை இப்பொழுது திருத்தியுள்ளோம். மருதத் திணைப் பகுதியில், சங்க நூல்கள் மருதினை நீர்த்துறை மரமாகக் காட்டுகின்றன என்றும், அதன் இனம் குறித்து அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு என்றும் மட்டும் எழுதினோம். மருத்துவப் பயனைக் கூற விரும்பும் ஆசிரியர்க்கெனத் தனிக்குறிப்பொன்று சேர்க்கப்பட்டது. நீர்மருதின் பட்டையை இதய நோய்க்குப் பயன்படுத்தும் வழக்கம் ஆயுர்வேத நூல்களில் ஏறத்தாழ 7ஆம் நூற்றாண்டு முதல் காணப்படுகிறது. சித்த மருத்துவத்தில் அது நீரிழிவுக் குடிநீரில் சேர்கிறது. சிறிய ஆய்வுகள் சில துணைமருந்தாக அதற்குப் பயன் உண்டு எனக் காட்டினும், மருத்துவர் கொடுத்த மருந்துக்கு மாற்றாக அதனை எந்த ஆய்வும் நிறுவவில்லை என்பது அக்குறிப்பு. பழைய தொடரைக் காட்டிலும் இது நீளமானது, கைதட்டல் பெறாது.

அவ்வாசிரியரைச் சென்ற திங்கள் மீண்டும் சந்தித்து, அன்று சொல்லாமல் விட்டதனைச் சொன்னோம். சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர், தாம் மாத்திரைகளைத் தவறாது உட்கொள்வதாகவும், பட்டைக் குடிநீரையும் விட்டுவிடவில்லை என்றும், அதனை மருத்துவரிடம் கூறியபோது அவர் பதிவேட்டில் குறித்துக்கொண்டு குருதிப் பரிசோதனையைச் சற்று முன்னதாக வைத்தார் என்றும் தெரிவித்தார். உள்ளே சென்று ஒரு கண்ணாடிப் புட்டியை எடுத்து வந்து, “இது நீர்மருதா கருமருதா, பார்த்துச் சொல்லுங்கள் ஐயா” என்று நீட்டினார். புட்டியில் இருந்தது பொடி.